பழத்தோலின் பசையும் கீரிமலை நீரும்

கீரிமலைக் கேணியில் ஆடி அமாவாசை நாளில் நீராடுவோர், அந்நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறி வருவதை அறிவார்கள். குடாநாட்டுக் கிணற்று நீரில் பெரும்பகுதியும் அத்தகைய வன்னீரே. அதில் பருப்பும் கடலையும் எளிதில் அவிவதில்லை என்பது நம் அடுப்படிகள் அறிந்த செய்தி. தாவரக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நீரிலுள்ள கல்சியம் இறுக்கிவிடுகிறது.

ஜாம் உறைவதும் இதே பசையால்தான். 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிரகோனோ இதற்குப் பெயரிட்டார். உலர்ந்த தோடம்பழத் தோலில் இது ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை உண்டு. சாறு பிழிந்த அப்பிள் சக்கையில் 10 முதல் 15 சதவீதம். உலகச் சந்தைக்கு வரும் பெக்டின் பெரும்பாலும் இத்தகைய கழிவிலிருந்தே கிடைக்கிறது.

"ஊரில் மாம்பழத் தோலும் தேசிக்காய்த் தோலும் வீணாகின்றனவே, மீளக் குடியமர்ந்தோருக்கு இதை ஒரு தொழிலாக்கினால் என்ன?" என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். 1990இல் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே காத்திருந்து திரும்பிய வலிகாமம் வடக்கு மக்களுக்குத் தொழில் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் பசையைப் பிரித்தெடுப்பது எளிது, தூய்மையாக்குவதே கடினம். அமிலம் கலந்த சுடுநீரில் தோலை ஊறவைத்தால் பெக்டின் கரைந்து வரும். அதனுடன் சர்க்கரை, நிறம், உப்புகள், கைப்பு அனைத்தும் சேர்ந்தே வரும். வடிகட்டிய சாற்றில் மதுசாரம் ஊற்றினால் பெக்டின் மட்டும் திரளும். அத்திரளைப் பிழிந்து, மதுசாரத்தால் மீண்டும் மீண்டும் கழுவி, உலர்த்தி, அரைக்க வேண்டும். உணவில் சேர்க்கும் பெக்டினில் கலக்டுரோனிக் அமிலம் 65 சதவீதத்துக்குக் குறையலாகாது என்பது சர்வதேச நியமம். பயன்படுத்திய மதுசாரத்தை வடித்து மீட்காவிட்டால் தொழில் நட்டத்தில் முடியும்.

நம் வன்னீரை அப்படியே பயன்படுத்தவும் இயலாது. கல்சியம் பெக்டினைப் பிடித்துக்கொள்ளுமாதலால் முதலில் அதை மென்னீராக்க வேண்டும். இதனினும் பெரிய கேள்வி, கழுவி எஞ்சும் அமில நீர் எங்கே போகும் என்பது. சுண்ணாம்புக்கல் எதையும் தடுத்து வைக்காது. மேலே ஊற்றியது வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு வந்து சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததால் 2014, 2015 ஆண்டுகளில் மக்கள் பட்ட பாடு மறக்கத்தக்கதன்று. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நிலத்தடி நீரை இழந்தால் அதை ஈடுசெய்வது எளிதன்று.

ஆகவே என் விடை இதுதான்: கழிவிலிருந்து பொருள் எடுக்கும் திட்டம் எவர் கொண்டுவந்தாலும், அதன் இலாபக் கணக்கைப் பார்க்கும் முன் கழிவுநீரின் வழியைக் கேட்போம். மீட்கும் வடிகலமும் சுத்திகரிப்புத் தொட்டியும் திட்டத்தில் இருக்குமானால் ஆதரிப்போம். இல்லையேல், தோலோடு சேர்த்து ஜாம் காய்ச்சி விற்பதே இன்றைக்குப் போதும். பழத்தின் பசை அதில் தானாகவே வேலை செய்யும், கிணறும் கெடாது.