குறி தவறிய மாலை

செஞ்சிக் கோட்டையின் குன்றுகள் மாலை வெயிலில் செந்நிறம் கொள்ளும்போது, காண்போர் பலருக்கும் தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருவான். நமக்கோ ஒரு முதிய நரிக்குறவரும், அவர் தோளில் கிடந்த நாட்டுத்துப்பாக்கியும், ஒரு முயலுமே நினைவுக்கு வரும்.

அது 1992ஆம் ஆண்டு. இறையியல் பயிலும் குருமாணவராய் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தோம். கிருஷ்ணகிரிக் குன்றுக்கு அப்பால், மணிலாக் கொல்லைகளை ஒட்டிய பாறைச் சரிவில், பாசிமணி விற்கும் குடும்பம் ஒன்று கூடாரம் அடித்திருந்தது. அக்குடும்பத்துப் பெரியவரோடு நமக்குப் பழக்கம் உண்டாயிற்று. நரிக்குறவர் எவரையும் 'சாமி' என்றே விளிப்பர். ஊரார் நம்மை அவ்வாறு அழைக்கத் தொடங்காத அந்நாளில், அவர் வாயால் 'சாமி' என்று கேட்பது உள்ளுக்குள் இனித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அவருடைய துப்பாக்கி பழைய வகையைச் சேர்ந்தது. குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டு, இரும்புக் கம்பியால் இறுக்கிச் சுட வேண்டும். இவ்வகைத் துப்பாக்கி குறி தவறுவது ஏன் என்று முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1742இல் அவர் வெளியிட்ட நூல் துப்பாக்கிக் கலையை ஒரு விஞ்ஞானமாக்கியது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாகையால் சுவரில் உராய்ந்து தாறுமாறாகச் சுழல்கிறது. அச்சுழற்சியே அதனை வழி விலக்குகிறது என்றும், குழலுக்குள் திருகு வரிகள் வெட்டினால் குண்டு செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்று நேரே செல்லும் என்றும் அவர் விளக்கினார். பிரெஞ்சுக்காரர் செஞ்சியைக் கைப்பற்றிய 1750ஆம் ஆண்டிலேயே, கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட அவர் இந்தியா வந்தார். மறு ஆண்டு ஜூலையில், நம் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

பெரியவர் ராபின்சை அறியார். அவருடைய குழலில் திருகு வரியும் இல்லை. ஆயினும் அவர் கையில் அந்தத் துப்பாக்கி தவறுவது அரிது. அதன் இரகசியத்தைக் கேட்டோம். அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

மருந்தை ஒருபோதும் கண்ணளவாகக் கொட்டமாட்டார். சிறு மூங்கில் குழலொன்றில் தலைதட்டி அளப்பார். இறுக்கும் கம்பியில் ஒரு கீறல் உண்டு. அக்கீறல் குழலின் வாய்க்கு நேரே வரும்வரைதான் இறுக்குவார். நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவே. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஈரத்துணியால் குழலின் கரியைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடியும் துடைப்பார். கரி படிந்த குழல் அடுத்த வேட்டுக்குத் துணை நிற்காது என்பது அவருடைய பாடம். ஒற்றைக் குண்டு இடுவதானால் எண்ணெய்த் துணியைச் சுற்றி, ஆட்டமில்லாமல் இறக்குவாராம். விசையை இழுத்த பின்னும், புகை கலையும்வரை துப்பாக்கியை அசைக்கமாட்டார். குதிரை விழுந்து கேப்பு வெடிப்பதற்கும், நெருப்பு மருந்தைத் தொட்டு வேட்டுக் கிளம்புவதற்கும் இடையே ஓர் இமைப்பொழுது உண்டு. அவசரக்காரன் தோற்பது அந்த இமைப்பொழுதில்தான்.

"மருந்து கூடினா ரவை செதறும் சாமி. தூரம்னா கிட்டப் போவணும், மருந்த கூட்டக் கூடாது" என்றார்.

ஒருநாள் மாலை, துப்பாக்கியை நம் கையில் தருமாறு வேண்டினோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் மேலும் இறுக்கப்பட்டு, முயலைச் சுடுவதும் குற்றமாகியிருந்தது. அறியாமல் செய்தோம் என்று தப்பிக்க விரும்பவில்லை. அவருக்கு அது வயிற்றுப்பாடு. நமக்கு வெறும் விளையாட்டு. தயங்கியபடியே தந்தார். அவர் திரும்பியிருந்த சமயம், வேட்டு வலுவாக இருக்கட்டும் என்று அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை மருந்தைச் சேர்த்துக்கொண்டோம். கொல்லையின் மறுகரையில் ஒரு முயல் தெரிந்தது. கிட்டப் போகும் பொறுமை இல்லை. சுட்டோம்.

முயல் சாகவில்லை. பின்னங்கால் முறிந்து, பாறை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு சென்றது. பெரியவர் நம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பாறைகளுக்குள் புகுந்தார். இருட்டியது. கூடாரத்திலிருந்து டார்ச் விளக்கைக் கொண்டுவரச் சொல்லித் தேடினார். முழங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பின் அதைக் கண்டெடுத்து, அதன் வேதனையை முடித்தார். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "பாவம், சாமி" என்றார்.

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. அவ்வாண்டுதான் வகுப்பறையில், பாவத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாடு ஆளும் 'ஹமர்த்தியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது மூலப்பொருள் என்று பயின்றிருந்தோம். எபிரேயத்திலும் அவ்வாறே. நீதித் தலைவர்கள் நூலின் 20ஆம் அதிகாரத்தில், மயிரிழையையும் குறி தவறாது கவண் எறியும் எழுநூறு இடக்கை வீரரைப் பற்றிச் சொல்லுமிடத்தில் தவறுதலைக் குறிக்கும் வினையே, பிற இடங்களில் பாவம் செய்தலையும் குறிக்கிறது. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். பொருள் விளங்கியது அந்தப் பாறையடியில்தான்.

ஆனால் முழுவதும் விளங்கவில்லை என்பது பின்னரே தெரிந்தது. குருவாகிச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பங்கில் பணியாற்றினோம். கொத்தனார் ஒருவர் ஞாயிறுதோறும் திருப்பலிக்குத் தாமதமாக வந்து, கடைசித் தூணருகே நிற்பார். ஒருநாள் மறையுரையில், பெயர் சொல்லாமல், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அவரைச் சாடினோம். தொலைவில் நின்று, மருந்தை மிகுத்துச் சுட்ட வேட்டு அது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. படுக்கையில் கிடக்கும் தாயைக் குளிப்பாட்டி, உணவூட்டிவிட்டே அவர் கோவிலுக்கு வருவார் என்பதை உபதேசியார் பிறகு சொன்னார்.

அன்றே போயிருக்க வேண்டும். மூன்று மாதம் தள்ளிப் போட்டோம். காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயரைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்த நாம், முயலுக்காக முழங்கை சிராய்த்துக்கொண்ட அந்த மனிதரின் அளவுக்குக்கூட எழுந்து செல்லவில்லை. இறுதியில் சென்றபோது தாயார் இறந்திருந்தார். கொத்தனார் பாய் விரித்து, "உக்காருங்க சாமி" என்றார். மன்னிப்புக் கேட்டோம். அவர் பேசாமல் தேநீர் வரவழைத்தார். உயிர்ப்பு ஞாயிறன்று வந்தார். தூணருகே அல்ல, வாசலுக்கு வெளியே நின்றார். அந்த இடைவெளி நம்மால் வந்தது.

பெரியவரின் குடும்பம் அந்தச் சரிவை விட்டுப் போய்ப் பல காலமாகிறது. காட்டைக் காக்கும் சட்டம் தேவையானதே. ஆனால் வேட்டையை விட்டவர்களுக்கு மாற்று வழி காட்ட நாடு வெகுகாலம் தாமதித்தது. நரிக்குறவர் சமூகம் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023இல்தான். அங்கும் குறி தவறியது. காயம்பட்டோரைத் தேடிச் செல்லும் கால்கள் நம்மிடையே குறைவாயிருந்தன.

இன்றும் இரவு ஆன்ம சோதனைக்கு அமரும்போது அவருடைய பாடத்தையே நடத்துகிறோம். இன்று சொல்லை அளந்தோமா? கிட்டப் போனோமா? கரியைத் துடைத்தோமா? ஒப்புரவு அருட்சாதனத்தை ஆண்டுக்கொரு முறைக்கென ஒதுக்கிவைப்போர், கரி படிந்த குழலோடு அடுத்த வேட்டுக்குப் போகிறவர்களே.

'பாவம்' என்னும் நம் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று குற்றம், மற்றது இரக்கம். அன்று பெரியவர் முயலை எண்ணி இரங்கினார். நாம் குற்றத்தைக் கேட்டோம். நம் குறிதவறல்களை எல்லாம் கண்டபின் இறைவன் உரைக்கும் சொல்லும் அதுவாகவே இருக்குமென்று நம்புகிறோம். எந்தப் பொருளில் உரைப்பார் என்பதைச் சிலுவை முன்னமே சொல்லிவிட்டது.