மாமிக்குக் காய்ச்சல்

எங்கள் சின்னமனூரில், முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் நெல்லும் வாழையும் செழித்திருந்த 1970-களில், அத்தாவின் தங்கையான எங்கள் மாமி இரண்டாம் பிரசவத்துக்குப் பின் பேச்சை நிறுத்திவிட்டார். குழந்தை வீறிட்டு அழும். மாமியோ சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். விசாரிக்க வருவோரிடம் "காய்ச்சல்" என்று சொல்லும்படி நன்னியம்மா சிறுவனாகிய என்னையும் பழக்கிவைத்தார். அந்தப் பொய்யை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். மதுரைக்கு அழைத்துச் செல்லக் கையில் பணமிருந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிதாயிருந்தது. மாமி தேறாமலே மௌத்தானார்.

பின்னாளில் நான் சமூகவியல் பயிலப் புகுந்ததற்கு அந்தச் சுவரே காரணம். அப்போது என்னை உலுக்கிய நூலொன்று உண்டு. அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் ஹோலிங்ஸ்ஹெட் என்ற சமூகவியலாளரும் ரெட்லிக் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டது அது. வசதியுள்ள நோயாளியிடம் மருத்துவர் அமர்ந்து பேசினார். ஏழைக்கோ மின்னதிர்ச்சி, அல்லது வெறும் அடைப்பு. நோயைப் போலவே வர்க்கமும் சிகிச்சையைத் தீர்மானித்தது.

நம் நாட்டில் இதைத் தீயே எழுதிக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகமொன்றில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். பழியை மூடநம்பிக்கையின் தலையில் கட்டிப் பலர் நகர்ந்தனர். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. வேறெந்தக் கதவும் திறவாத குடும்பங்கள், திறந்திருந்த ஒரே வாசலுக்கு வந்தன. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது என்பதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை அறவே தடுத்தது. தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சென்ற மாதம் எங்கள் தெருப் பெண்ணொருத்தி, மகள் பிரசவித்ததிலிருந்து உறங்குவதில்லை என்றாள். தேனிக்குப் பஸ் ஏறலாமே என்றேன்.

"யாராவது பார்த்துவிட்டால், காக்கா?"

எண்ணை எழுதிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, இருபுறமும் பார்த்துவிட்டுப் போனாள்.