பௌர்ணமிக் கூட்டத்தைத் தாங்கும் தரவுத்தளம்

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமெனத் திரளும் திருவண்ணாமலையில், தங்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் மென்பொருள் எழுதித்தரும் மூன்று நான்கு பேர் கொண்ட குழு ஒன்று, தனக்கான கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பிரித்து எண்ண வேண்டும். ஒன்று தரவுத்தளம், அதாவது விவரங்களை அட்டவணைகளாகச் சேமித்து, கேட்கும்போது எடுத்துத்தரும் மென்பொருள். மற்றொன்று திரைகளையும் ரசீதுகளையும் உருவாக்கி அத்தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரல்மொழி.

ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை நோக்கமே இந்தப் பிரிவினைதான். தரவு எவ்வாறு சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை நிரலுக்கு இருக்கக்கூடாது என்று அவர் வாதிட்டார். ஆனால் தமிழ்நாட்டின் சிறு அலுவலகங்களில் பரவலாக வேரூன்றிய ஃபாக்ஸ்ப்ரோ, தரவையும் நிரலையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்ததால் விரைவாக வேலை முடிந்தது. அதன் விலை பிற்காலத்தில்தான் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் 1992இல் வாங்கிய அக்கருவியின் கடைசிப் பெரும் பதிப்பு 2004இல் வந்தது, அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்தது. அட்டவணைகளை இன்றும் வேறு மென்பொருளால் படித்துவிடலாம். ஆனால் தள்ளுபடிக் கணக்கும் வரி விதியும் நிரலுக்குள் புதைந்து கிடக்க, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, நிரலை எழுதியவர் ஊரைவிட்டுப் போயிருந்தால் அவ்விதிகளைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

ஆகவே, விதிகளை இயன்றவரை தரவுத்தளத்திலேயே எழுதிவைக்க முடிகிறதா என்பதே தேர்வின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விடுதி ஒன்றின் வரவேற்பறையில் எழுத்தர் ஓர் அறையைப் பதிவு செய்யும் அதே கணத்தில், இணையம் வழியாக வேறொருவரும் அதே அறையைக் கேட்கிறார் என்று கொள்வோம். அறை காலியா என்று முதலில் பார்த்து, பிறகு பதிவு செய்வதாக மட்டும் நிரல் எழுதப்பட்டிருந்தால், இரண்டு கேள்விகளுக்கும் ‘காலி’ என்ற விடையே கிடைத்து இருவருக்கும் அறை ஒதுக்கப்பட்டுவிடும். நள்ளிரவில் நடந்து களைத்துக் குழந்தைகளோடு வரும் குடும்பம் வாசலில் நிற்க நேரிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2012இல் வந்த 9.2ஆம் பதிப்பு முதல், தொடக்கமும் முடிவும் கொண்ட காலப்பகுதியை ஒரே மதிப்பாகச் சேமிக்கலாம். அறை எண் ஒன்றாகவும் காலப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதாகவும் உள்ள இரு பதிவுகளை ஏற்காதே என்று ஒரே கட்டளையில் விதித்தும் விடலாம். தொடக்க நேரம் கணக்கில் சேரும், முடிவு நேரம் சேராது என்று வகுத்துக்கொண்டால், ஒருவர் காலி செய்யும் நிமிடத்திலேயே அடுத்தவரின் பதிவு தொடங்கலாம். நிரல் பிழைபட்டாலும், நாளை வேறு மொழியில் மாற்றி எழுதப்பட்டாலும், அவ்விதி காவல் நிற்கும்.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் திறன் இரண்டாவது கேள்வி. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்னும் எழுத்து ‘ப’வுக்கு முன் வைக்கப்பட்டிருப்பதால், குறியீட்டு எண்ணின்படி மட்டும் அடுக்கும் தரவுத்தளத்தில் கனகா முன்னும் கபிலன் பின்னும் வருவர், தமிழ் நெடுங்கணக்கோ இதற்கு நேர்மாறானது. மொழிவாரி வரிசையைத் தரும் ஐசியு நூலகத்தைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஏற்கிறது. மைஎஸ்கியூஎல் 2018இல் வெளியான 8.0ஆம் பதிப்பில்தான் யூனிகோடை இயல்பான எழுத்துமுறையாகக் கொண்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில், அமைப்பை மாற்றாமல் விட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகப் பதிவாகக்கூடும். உள்ளூர் விடுதிக்கு மென்பொருள் எழுதுவோர் தமிழை இணைப்பாக அன்றி அடிப்படைத் தேவையாகவே கருதுவது கடமை.

நிரல்மொழியைப் பொறுத்தவரை குழு பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை; உள்ளூர்க் கல்லூரிகளில் படித்து வருவோர் அறிந்த மொழியே சிறந்த மொழி, ஏனெனில் தேர்ந்தவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றுவிட்டாலும் வேலை நிற்கக்கூடாது. அட்டவணை வரிசைகளை நிரலின் பொருள்களாக மாற்றித்தரும் ஓஆர்எம் என்னும் இடைக்கருவி வேலையை எளிதாக்கும். எனினும் அது உருவாக்கும் எஸ்கியூஎல், அதாவது தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழி, குழுவில் இருவருக்கேனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே கவுன்டர் கொண்ட கடைக்கு, முழுத் தரவையும் ஒற்றைக் கோப்பில் வைத்து ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுதவிடும் எஸ்கியூலைட் போதும். பலர் ஒருங்கே பதியும் விடுதிக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் பொருந்தும். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. எதைத் தேர்ந்தாலும், பணியை ஒப்படைக்கும் முன் காப்புப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்த்துவிடுங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியைக் காப்பு என்று நம்புவதற்கில்லை.