நிறமில்லாத நோய்

லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தைக் கேட்கும்போது, தொழுநோயாளரை விலக்கிவைத்த கடுமையே நம் நெஞ்சில் தைக்கிறது. அதே அதிகாரத்தில் குரு எத்துணைப் பொறுமையோடு தோலைப் பார்க்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. குழிந்திருக்கிறதா, பச்சைப்புண் தெரிகிறதா, பரவுகிறதா என்று பார்க்கிறார். ஐயம் எழுந்தால் ஏழு நாள் கழித்து மீண்டும் பார்க்கிறார். நிறத்தை மட்டும் கண்டு அவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

இத்தகைய பார்வை இன்றும் தேவைப்படும் நோய் ஒன்றுண்டு. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குப் பெயரிலேயே கருமை இருக்கிறது. கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு. ஆகவே நாம் கரும்புள்ளியையே தேடுகிறோம். ஆனால் நூறு மெலனோமாக்களில் ஏறத்தாழ 2 முதல் 8 வரை கருமையின்றி, இளஞ்சிவப்பாகவோ தோலின் நிறத்திலோ தோன்றுகின்றன. பரு என்றும் மரு என்றும் ஆறாத காயம் என்றும் எண்ணி விட்டுவிடுகிறோம்.

நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு மெலனோமா வெயில் படும் முகத்தைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதே மிகுதி. நம் பங்கில் மூதாட்டி ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செருப்பின்றி நடந்தவர். அவர் குதிகாலில் சிவந்த கட்டியொன்று எழுந்தது. தொட்டால் இரத்தம் கசிந்தது. முள் குத்தியது என்றனர் சிலர்; கால் ஆணி என்றனர் சிலர். நேர்ச்சைக்காக நடந்த காலில் புண் இருப்பதை யார்தான் வியப்பாக எண்ணுவர்? எட்டு மாதம் சென்று சதைத்துணுக்கை எடுத்துச் சோதித்தபோது, தொடையிடுக்கின் நெறிகளிலும் புற்று பரவியிருந்தது. அடுத்த தவக்காலத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

இத்தகைய கட்டிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்று: மேடாக எழுதல், தொட்டால் கெட்டியாக இருத்தல், ஒரு மாதத்திற்கு மேலும் வளர்ந்துகொண்டே போதல். இவற்றுள் கருமை என்பதே இல்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் ஏழு நாள் காத்திருக்கவும் வேண்டா. உடனே தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்நோயின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கின்றனர். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கையில் வெட்டியகற்றினால் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆழம் கூடக்கூட நம்பிக்கை குறைகிறது.

பெரிய வியாழனன்று ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்கிறோம். கழுவக் குனிந்தவர் அப்பாதங்களைப் பார்க்கவும் செய்திருப்பார். நம் வீட்டு முதியோர்க்குத் தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது எளிதன்று. மாதம் ஒருமுறையேனும் நாம் குனிந்து பார்ப்போம்.