ஸ்டூல் போட்டு ஏறினால் நெட்வொர்க்

அன்புள்ள மாலா,

உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதினாயே, கட்டுப் பிரித்தாயிற்றா? எழுது.

இங்கே ஒரு கூத்து. நாங்கள் வேலை எடுத்திருக்கும் கல்லூரியில் வைஃபைக்கு அப்படியொரு கெடுபிடி. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின். ஆனால் பார், விடுதி வராந்தாவில் ஒரு பையன் ஸ்டூல் போட்டு ஏறி, வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டின் கேபிளை உருவித் தன் லேப்டாப்பில் சொருகிவிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை, நேரே உள்ளே! எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை, போ.

எங்கள் மேனேஜர் உடனே, "மேக் அட்ரஸைப் பார்த்து விட்டாப் போதுமே" என்றார். அந்த நம்பர் டப்பாவின் முதுகிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறதடி! ஸ்டூல்மேல் ஏறியவனுக்கு அதைப் படித்துத் தன் லேப்டாப்புக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதா?

கடைசியில் 802.1எக்ஸ் போட்டோம். 2001லேயே வந்த தரம்தான். வைஃபைக்கு வருகிறவர்களை "யார் நீ" என்று கேட்கும் ஆக்சஸ் பாயின்ட்டையே இப்போது சுவிட்ச் நிறுத்திக் கேட்கிறது. ஆக்சஸ் பாயின்ட் தன் சர்ட்டிபிகேட்டைக் காட்ட, ரேடியஸ் சர்வர் சரி என்றால்தான் போர்ட் திறக்கும். அந்த சர்ட்டிபிகேட்டை ஏற்றவே நெட்வொர்க் வேண்டுமே? அதனால் எல்லா ஆக்சஸ் பாயின்ட்டுகளையும் ஸ்டோர் ரூமில் விலேன் என்ற தனி நெட்வொர்க்கில் வைத்து ஏற்றிவிட்டுத்தான் மாட்டினோம்.

அப்புறம்தான் வேடிக்கை. ஆக்சஸ் பாயின்ட் உள்ளே போனதும் பின்னாலேயே பிள்ளைகளின் போன்கள் எல்லாம் அதே கேபிளில் தங்கள் மேக் அட்ரஸோடு வந்தன. ஒரு போர்ட்டுக்கு ஒரே ஆள் என்றிருந்த சுவிட்ச், போர்ட்டையே சாத்திவிட்டது. விடுதி முழுக்கக் கூச்சல்! மல்ட்டி ஹோஸ்ட் என்று மாற்றினோம்: முதல் ஆளை விசாரித்தால் போதும், பின்னால் வருகிறவர்களை ஆக்சஸ் பாயின்ட் ஏற்கெனவே விசாரித்திருக்கும். கேபிளை உருவினால் இணைப்பு விழும், அனுமதியும் போச்சு. மறுபடி முதலிலிருந்து சர்ட்டிபிகேட் காட்ட வேண்டும்.

நடுவில் ஒரு குட்டி ஹப்பைச் சொருகினால்? ஆக்சஸ் பாயின்ட் சர்ட்டிபிகேட் காட்டியதும் அதன் பின்னாலேயே நுழையலாம்தான். அந்த வழியைப் பூட்ட, கேபிளில் போவதையே ரகசியமாக்கும் மேக்செக் வேண்டும். இங்கே மாட்டியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு அது தெரியாது. இதை மேனேஜரிடம் சொன்னேன். "அந்தப் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்றார்.

சர்ட்டிபிகேட் காலாவதியாகும் தேதியை அவர் காலண்டரிலேயே குறித்துவைத்துவிட்டேன். அன்றைக்கு நான் லீவு.

உன்,
கலா