பெயர் பொறித்த பெட்டிகள்

இலண்டனுக்கு வடமேற்கே, லீவ்ஸ்டனில், 'ஹரி பொட்டர்' படங்கள் உருவான கலையகத்தைச் சென்ற விடுமுறையிற் பார்க்கப் போயிருந்தோம். இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சு விமானங்கள் செய்த தொழிற்சாலை அது. பார்வையாளருக்குத் திறந்துவிட்டது 2012இல்.

திரையில் மலைமேல் ஓங்கி நின்ற ஹொக்வாட்ஸ் மாளிகை, இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவான மாதிரியுரு. அதனை முதலிற் கட்ட 86 பேர் உழைத்தனராம்.

"அப்ப மந்திரமே இல்லையா, மாமா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள் எட்டு வயது மருமகள்.

கடைசி அறையில் நுழைந்தோம். சுவரெங்கும் மந்திரக்கோற் பெட்டிகள்; 4,000க்கு மேல். ஒவ்வொன்றிலும் அப்படங்களுக்காக உழைத்த ஒருவரின் பெயர். புகழ்பெற்ற நடிகருக்கும் ஒரு பெட்டி. தச்சருக்கும் ஒரு பெட்டி. நம் கொட்டகைகளிற் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் சனம் வாசலுக்கு விரையும். இங்கோ அண்ணாந்து நின்று வாசித்தது.

கூலி எவ்வளவென்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை. நுழைவுச்சீட்டின் விலையும் கூலிக் குடும்பத்துக்கு எட்டுவதன்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், உழைத்தவனுக்குப் பெயருண்டு என்பதைப் பாடநூலில் நாம் இத்துணை தெளிவாகக் கற்பித்ததில்லை.

மருமகள் கீழ்வரிசைப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். வாயில் மூடும் நேரமென்று காவலர் வந்து சொல்லும்வரை அவள் நகரவில்லை.