கதவைத் தட்டாமல் வருகிறவர்கள்

போன சனிக்கிழமை ராத்திரி பொண்ணு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு 'சைன்ஃபெல்ட்' பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே முடிந்துபோன சீரியல். திடீரென்று திரும்பி ஒரு கேள்வி.

"அப்பா, இந்தப் பக்கத்து வீட்டு ஆளு ஏன் கதவையே தட்ட மாட்டேங்கறான்? இவங்க பூட்டிக்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்விதான். ஒஹையோவில் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இடது பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார், தபால்காரர் மாற்றிப் போட்ட கவரைக் கொடுக்க. வலது பக்கத்து வீட்டுக்காரரை பனி தள்ளும்போது மட்டும் பார்ப்பேன். ரெண்டு பேரும் கையை ஆட்டிக்கொள்வோம். முடிந்தது உறவு :-)

ஆனால் இந்த ஊர் டிவியில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடிக்கிற கூத்து கொஞ்சநஞ்சமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள், கேட்காமலே யோசனை சொல்வார்கள். 'ஃபேமிலி மேட்டர்ஸ்' என்று ஒரு சீரியல், 1989-ல் ஆரம்பித்தது. அதில் அர்க்கெல் என்கிற பக்கத்து வீட்டுப் பையனை ஒரே ஒரு எபிசோடுக்குத்தான் கூப்பிட்டார்களாம். ஜனங்களுக்குப் பிடித்துப்போய், கடைசியில் வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓரமாக நிற்க, அவன் ஹீரோ ஆகிவிட்டான். 'எவரிபடி லவ்ஸ் ரேமண்ட்' இன்னும் மோசம். அதில் எதிர் வீட்டில் இருப்பதே ஹீரோவின் அப்பா அம்மா! தங்கமணி அந்த சீரியலை ரொம்ப ரசித்துப் பார்ப்பாள். ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை.

பொண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மாதிரி சீரியல்களை மூணு சுவர் மட்டும் இருக்கிற செட்டில், எதிரே ஜனங்களை உட்காரவைத்து எடுப்பார்கள். காமெராவை வெளியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் கதையை யாராவது வாசல் வழியாக உள்ளே கொண்டு வந்தாக வேண்டும். நம்ம ஊர் மேடை நாடகம் மாதிரிதான். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு கதவு, அந்தக் கதவு வழியாக வர ஒரு தொல்லை. கிரேமர் உள்ளே வந்தாலே கைதட்டல் அடங்காமல் மற்ற நடிகர்கள் அடுத்த வசனம் பேச முடியாமல் நிற்பார்களாம். தயவுசெய்து கைதட்டாதீர்கள் என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் கிரேமர் நிஜ ஆள் என்பதுதான் இன்னும் வேடிக்கை. சீரியலை உருவாக்கிய ரெண்டு பேரில் ஒருவரான லாரி டேவிட், நியூயார்க்கில் குடியிருந்தபோது எதிர் வீட்டில் இருந்தவர் கென்னி கிரேமர். 1989-ல் வந்த முதல் எபிசோடில் அந்தப் பாத்திரத்துக்கு கெஸ்லர் என்று பெயர் மாற்றித்தான் வைத்தார்கள். அப்புறம்தான் நிஜப் பெயரே வந்தது. அந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. நான்தான் அசல் கிரேமர் என்று சொல்லி, டூரிஸ்டுகளை பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டி பிழைப்பு நடத்தினார். அசல் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்!

சரி, கொசுவத்தியைச் சுற்றுகிறேன்.

எங்கள் ஊர் வெதுருகுப்பம். சித்தூர், திருப்பதி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், வெதுருகுப்பம் என்றால் "எங்கே?" என்பார்கள். வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் நம்ம குப்பம். பேரிலேயே ரெண்டு பாஷை. 1960-ல் எல்லை மாற்றியபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் ரெண்டும். மாந்தோப்பு, கரும்பு, வெல்லம் காய்ச்சுகிற வாசனை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊரே "அய்யவாரு" என்றுதான் கூப்பிடும்.

எதிர் வீட்டில் அத்தை. சொந்தம் இல்லை, தெலுங்குக்காரர்கள். ஆனாலும் அத்தைதான். எங்கள் வீட்டுக் கதவை அத்தை தட்டி நான் பார்த்ததில்லை. நேராக சமையலறைக்கு வருவார், மூடியைத் திறந்து பார்ப்பார், "உப்பு கம்மி" என்பார், ரெண்டு வெங்காயம் எடுத்துக்கொண்டு போவார். எனக்கு எத்தனை மார்க் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பத்தாவதில் நான் பீடி பிடித்ததை அப்பாவிடம் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்?

2001-ல் ஜெமினி டிவியில் 'அம்ருதம்' என்று ஒரு தெலுங்கு காமெடி சீரியல் ஆரம்பித்தது. 2007 வரைக்கும் ஓடியது. ஹோட்டல் நடத்துகிற ரெண்டு நண்பர்கள், அவர்களை வாடகை கேட்டு உயிரை எடுக்கிற வீட்டுக்காரர் அப்பாஜி. நண்பர்களில் ஒருவராக நடித்த குண்டு ஹனுமந்த ராவ் 2018-ல் போய்விட்டார். ஆந்திராவில் அந்த சீரியல் தெரியாத வீடே கிடையாது என்று நினைக்கிறேன். நானும் அக்காவும் அப்போதே அத்தைக்கு 'அப்பாஜி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டோம். நான் 2004-ல் இங்கே வந்த பிறகும் அது போகவில்லை. "அப்பாஜி போன் வந்துச்சா?" என்று பெங்களூரிலிருந்து அக்கா கேட்பாள். ரெண்டு பேரும் சிரிப்போம்.

2012-ல் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பா எங்கேயும் வரமாட்டேன் என்று அந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவேன். "சௌக்கியம், நீ எப்படி இருக்கே, குழந்தை படிக்குதா?" அவ்வளவுதான். குரல் கணீரென்று இருக்கும். எனக்கும் நிம்மதி.

2018 ஆரம்பத்திலிருந்து அத்தை போன் அதிகமானது. "நாயனா, அய்யவாரு இன்னைக்கு மூணு தடவை பால் வாங்கிட்டு வந்தார்." "நாயனா, அடுப்பை அணைக்க மறந்துட்டார், நான் போய்த்தான் அணைச்சேன்." "நாயனா, என் பையனைப் பார்த்து நீ யாருன்னு கேட்டார்." நான் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டால், "அந்த அம்மாவுக்கு வேற வேலை இல்லைடா" என்று சிரிப்பார். எனக்கு அப்பா சொன்னதுதான் சௌகரியமாக இருந்தது. அத்தை சொன்னதை எடுத்துக்கொண்டால் லீவு போட வேண்டும், டிக்கெட் போட வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு வம்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு செலவும் இல்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள். ஆபீஸில் மீட்டிங். காலை பத்தரை இருக்கும். அத்தை நம்பர். கட் பண்ணினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் கட் பண்ணினேன். பக்கத்தில் இருந்த நண்பரிடம், "எங்க ஊர் கிரேமர்" என்று வேறு சொல்லிச் சிரித்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மூணாவதாக அக்கா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

அப்பா காலையில் திருப்பதி பஸ் ஏறியிருக்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு கண்டக்டர், முகம் கழுவட்டும் என்று குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சட்டைக் காலரை மடக்கிவிட்டபோது உள்பக்கம் ஒரு போன் நம்பர் தெரிந்திருக்கிறது. அத்தை பையனுடைய நம்பர். ராத்திரிக்குள் அத்தையும் பையனும் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் ஊருக்குப் போனது நாலு நாள் கழித்து. அப்பாவின் பீரோவைத் திறந்தேன். ஆறு சட்டை. ஆறிலும் காலருக்கு உள்ளே, லாண்டரிக்காரர்கள் போடுகிற குறி மாதிரி, அழியாத மையில் பத்து இலக்கம். எப்போ எழுதினீர்கள் என்று கேட்டேன். "உகாதி முடிஞ்சு. துணி காயப்போட்டிருந்தது, எடுத்து எழுதிட்டு அப்படியே கொடியில போட்டுட்டேன். அய்யவாரு பார்த்தா மனசு கஷ்டப்படுவாருல்ல, அதான் உள்பக்கமா எழுதினேன்."

கேட்காமல்தான் எடுத்திருக்கிறார், வெங்காயம் மாதிரியே. உகாதி மார்ச்சில். அக்காவும் நானும் அப்பாஜி ஜோக் அடித்துக்கொண்டிருந்த அதே மாதம்.

'பிவிட்ச்டு' என்று 1964-லிருந்து 1972 வரைக்கும் ஓடிய ஒரு சீரியல் உண்டு. நான் இங்கே வந்த புதிதில் மறு ஒளிபரப்பில் பார்த்தது. சாதாரண மனிதனைக் கட்டிக்கொண்ட சூனியக்காரி, எதிர் வீட்டில் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் கிளாடிஸ் கிராவிட்ஸ் என்கிற அம்மாள். அந்த அம்மாள் கண்ணில் மாயம் எல்லாம் படும். ஓடிப்போய் புருஷனைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். புருஷன் நம்பமாட்டார், மருந்து சாப்பிடு என்பார். முதலில் நடித்த ஆலிஸ் பியர்ஸ் புற்றுநோயோடுதான் அத்தனை நாளும் நடித்தார். 1966-ல் இறந்த பிறகுதான் அந்த வேடத்துக்கு எம்மி விருது வந்தது. அந்தக் காலத்தில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரிலிருந்து திரும்பி வரும்போது விமானத்தில்தான் உறைத்தது. அந்த அம்மாள் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. தெருவிலேயே நடப்பதை நடந்தபடி பார்த்த ஒரே ஆள் அவர்தான். பைத்தியம் என்று சொன்ன புருஷன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவை அக்கா பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 2021-ல் காலமானார். கடைசி ஒரு வருஷம் என்னை அடையாளம் தெரியவில்லை. வீடியோவில் அத்தையைக் காட்டினால் மட்டும், "உப்பு கம்மின்னு சொல்ல வந்துட்டா" என்று சிரிப்பார்.

வெதுருகுப்பம் வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பேருக்குத்தான் பூட்டு, சாவி அத்தையிடம். அவர்தான் வாசல் கூட்டி முக்கு போடுகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் கோபம் வருகிறது. அதனால் கொடுப்பதில்லை, புடவை மட்டும்.

பொண்ணிடம் இதெல்லாம் சொல்லி முடிக்கும்போது எபிசோடு முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பித்திருந்தது. அவள் அதை நிறுத்திவிட்டு, "அந்தச் சட்டையெல்லாம் எங்கேப்பா?" என்றாள். ஒன்று என்னிடம் இருக்கிறது. எடுத்துக் காட்டினேன்.

அன்றைக்கே ராத்திரி மூணு மணிக்கு போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"நாயனா, உங்க மரத்துல ரெண்டு தேங்காய் விழுந்துச்சு. நான் எடுத்துக்கிட்டேன். சொல்லணும்ல?"

"எடுத்துக்கோங்க அத்தை. இங்க ராத்திரி மூணு மணி."

"ஓ, அங்க ராத்திரியா? சரி, முழிச்சுத்தானே இருக்கே. சம்பளம் ஏத்தினாங்களா?"